செல் ஓவியம் சேர்க்க ஆசையா? முதலில் பீரோவில் இடம் ஒழித்து வையுங்கள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கையால் வரைந்த கார்ட்டூன் படச் செல்களைச் சேர்க்க முடியுமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். நான் 9 வருஷமாகச் சேர்க்கிறேன், இப்போது 14 இருக்கின்றன. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எங்கே வாங்கலாம், எவ்வளவு ஆகும் என்று தொடங்குவார்கள், ஏனென்றால் அவர்கள் குளிர் நாட்டில் இருக்கிறார்கள். நம் ஊரில் வாங்குவது சுலபம், வாங்கியதை நாலு மழைக்காலம் தாண்டிக் காப்பாற்றுவதுதான் பாடு. அதனால் அவர்கள் கடைசியில் சொல்வதை நான் முதலில் சொல்லப்போகிறேன்.

செல் என்றால் இங்கே எல்லோரும் போன் என்றுதான் நினைப்பார்கள், ஆகவே பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஓஹெச்பி ஷீட் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதைப் போன்ற ஒளி ஊடுருவும் தாள். அதன் முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். எங்கள் ஆச்சி பூஜை அறையில் கண்ணாடியில் வரைந்த தஞ்சாவூர்க் கிருஷ்ணர் படம் ஒன்று இருந்தது. அதில் கோட்டையும் நகையையும் முதலில் போட்டு, உடம்பின் நிறத்தை அப்புறம் பின்னாலிருந்து பூசியிருப்பார்கள், நாம் முன்னாலிருந்து பார்ப்போம். செல்லும் அதே வேலைதான். ஏர்ல் ஹர்ட் என்ற அமெரிக்கர் 1914-இல் இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பின்னணியை ஒரு தடவை காகிதத்தில் வரைந்தால் போதும், அசைகிற ஆளை மட்டும் தாள் தாளாக மாற்றி அதன் மேல் வைத்துப் படம் பிடிக்கலாம் என்பதுதான் விஷயம். சினிமாவில் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். ஒரு ஓவியத்தை 2 பிரேமுக்கு வைத்துக்கொண்டாலும் விநாடிக்கு 12 ஓவியம், 80 நிமிடப் படத்துக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் தாள்களில் ஓர் அடுக்குக்கே 57,600 ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தூரிகை பிடித்திருக்கிறார். டிஸ்னியில் இந்தக் கோடும் வண்ணமும் போட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். நான் சேர்க்க ஆரம்பித்ததற்கு அந்தக் கைகள்தான் காரணம்.

படம் பிடித்து முடிந்ததும் பல செல்களைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தினார்கள், மிச்சத்தைக் குப்பையில் போட்டார்கள். 1937-இல் ஸ்னோ ஒயிட் வந்த பிறகுதான், 1938 முதல், சான் பிரான்சிஸ்கோவில் இருந்த கூர்வாசியே காலரி டிஸ்னி செல்களை ஓவியமாக விற்க ஆரம்பித்தது. 1955-இல் டிஸ்னிலாந்து திறந்தபோது அங்கிருந்த ஆர்ட் கார்னர் கடையில் பின்பக்கம் தங்க நிற லேபிள் ஒட்டி மலிவாகக் கொடுத்தார்கள், அந்த லேபிளோடு கிடைப்பவை இன்றைக்கும் சந்தையில் சுற்றுகின்றன. கையால் வண்ணம் தீட்டிய செல்லில் எடுத்த கடைசி டிஸ்னி முழுநீளப் படம் 1989-இல் வந்த லிட்டில் மெர்மெய்ட், அடுத்த வருஷமே கணினி வந்துவிட்டது. ஜப்பானில் இன்னும் கொஞ்சம் நீண்டது. 1997-இல் வந்த பிரின்சஸ் மோனோனோகே பெரும்பாலும் செல்தான், சசாயே-சான் தொலைக்காட்சித் தொடர் 2013 வரைக்கும் செல்லை விடவில்லை. இனிப் புதிதாக வரப்போவதில்லை, உலகத்தில் மிஞ்சி இருப்பது மட்டும்தான். நம் கைக்கு வருகிற ஒன்றை நாம் கெடுத்துவிட்டால் அந்த விநாடியின் அந்தத் துண்டு போனதுதான்.

முதல் வேலை, வைக்கிற இடம்

இந்தத் தாள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட். ஈரத்தையும் சூட்டையும் சேர்த்து வாங்கினால் அதிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரியும், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலம். பிரிந்த அமிலமே மீதித் தாளையும் அரிக்கும், ஆகவே ஒரு தடவை தொடங்கினால் வேகம் கூடிக்கொண்டே போகும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பழைய சினிமா ரீல் டப்பாவைத் திறந்தால் மூக்கில் ஏறும் புளிப்பு வாடை இதுதான். தாள் சுருங்கி நெளியும், அதன் மேல் இருக்கும் வண்ணம் கூடவே சுருங்காது, உதிரும்.

வண்ணத்துக்கும் ஒரு குணம் உண்டு. டிஸ்னி தன் வண்ணத்தைத் தானே தயாரித்தது, பழைய செல்களில் அதன் அடிப்படை அரபுப் பிசின், நம் வேலம்பிசினுக்குச் சொந்தம். வேலம்பிசினை மழைக்காலத்தில் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஈரம் ஏறினால் பிசுபிசுத்து எதிரே இருப்பதில் ஒட்டும், அக்னி நட்சத்திரத்தில் காய்ந்தால் விறைத்து வெடிக்கும். ஜப்பான் செல்களின் வண்ணம் வேறு வகை என்றாலும் அதுவும் ஒட்டத்தான் செய்யும். ஆக நமக்கு எதிரி வெயில் மட்டுமல்ல, சித்திரைக்கும் ஐப்பசிக்கும் இடையில் இருக்கிற அந்த ஏற்ற இறக்கம்.

செல் வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு ஈரப்பத மானி வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு வெப்பமும் சேர்த்துக் காட்டுவது கிடைக்கும். எந்த அறையில் வைக்க நினைக்கிறீர்களோ அங்கே போட்டு ஒரு மாதம் காலை, மதியம், இரவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 40-இலிருந்து 55 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. எங்கள் வீட்டு உள்ளறையில் கோடையில் அது தானாகவே நிற்கிறது, ஐப்பசி கார்த்திகையில் 80-ஐத் தாண்டுகிறது. வெப்பத்தில் 20 டிகிரி என்று புத்தகத்தில் போட்டிருப்பதை நம்மால் எட்ட முடியாது, அதற்காக ஏசியைப் பகலில் நிறுத்தி இரவில் போட்டு ஆட்டினால் இன்னும் கெடுதல். வீட்டில் எந்த அறை மிகக் குறைவாகச் சூடாகிறதோ அதைப் பிடியுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டாம், மேற்குச் சுவர் வேண்டாம், பரண் வேண்டவே வேண்டாம். காயல்பட்டினம், திருச்செந்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் கடல் காற்று வரும் ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள்.

பொருள் என்று பார்த்தால் பெயிண்ட் அடித்த இரும்பு பீரோ, மர அலமாரியைவிட நல்லது. மரம் தானே அமில ஆவி விடும். சுவரோடு ஒட்டாமல் 4 விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். நடுத்தட்டில் வையுங்கள், அடித்தட்டில் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்து, தாமிரபரணி கரை புரண்டு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த நாம் யாரும் இனி விலை மதிப்புள்ள காகிதத்தையோ தாளையோ தரைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை என்றால் கல்யாண போட்டோகிராபர்கள் லென்ஸ் வைக்கிற, ஈரப்பதத்தைத் தானே கட்டுப்படுத்தும் ட்ரை கேபினெட் இருக்கிறதே, அதில் பெரிய அளவு ஒன்று வாங்கிவிடுங்கள். 45 அல்லது 50 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்திவிட்டால் மழைக்காலக் கவலை போய்விடும். 40-க்குக் கீழே இறக்காதீர்கள், வண்ணம் வெடிக்கும். அது இல்லாதவர்கள் ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்பப் போடுங்கள். மற்ற மாதங்களில் எடுத்துவிடலாம். காற்றே போகாமல் டப்பாவில் அடைத்து வைப்பது தப்பு, வெளியே வருகிற அமில ஆவி உள்ளேயே நின்று தாளைத் தின்னும். வாரம் ஒரு தடவை கதவைத் திறந்து வையுங்கள், ஒரு துணிப்பையில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு மூலையில் வையுங்கள். பாச்சை உருண்டை போடக் கூடாது, அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. இராமபாணப் பூச்சிக்குப் பயந்தால் பீரோவைச் சுத்தமாக வைத்திருப்பதும் பழைய காகிதத்தை அதே தட்டில் போடாமல் இருப்பதுமே போதும்.

ஒவ்வொரு செல்லும் தனித்தனி உறையில். உறை பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறை வண்ணத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்று, படுக்கை வாட்டில், ஒன்றின் மேல் ஒன்று பாரம் ஏறாமல். இவ்வளவையும் செய்து முடித்த பிறகு இணையத்தைத் திறங்கள்.

அடுத்து, கண்ணைப் பழக்க வேண்டும்

நம் பக்கத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜு வரைந்த முருகனையும் மீனாட்சியையும் சிவகாசி அச்சகங்கள் காலண்டராக அடித்து வீடு வீடாகக் கொண்டுபோயின. காலண்டர் அழகுதான், ஆச்சி அதையும் சட்டம் போட்டுக் கும்பிட்டாள், ஆனால் அவர் தூரிகை பட்ட பலகை வேறு, காலண்டர் வேறு. செல்லிலும் இப்படித்தான். படம் எடுக்கும்போது கேமராவுக்குக் கீழே போனது தயாரிப்புச் செல். விற்பதற்கென்றே ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஆயிரக்கணக்கில் அடித்தது செரிசெல், அது காலண்டர். இரண்டுக்கும் நடுவில், கேமராவுக்குக் கீழே போகாமல் விற்பதற்காகவே கையால் வண்ணம் தீட்டி இத்தனையில் இத்தனையாவது என்று எண் போட்டு விற்ற வரையறைப் பதிப்பும் உண்டு. மூன்றுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். நான் முதலில் வாங்கியது செரிசெல். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் தயாரிப்புச் செல் என்றே போட்டிருந்தார், சான்றிதழும் இருந்தது. சான்றிதழைப் பார்த்து வாங்கினேன், தாளைப் பார்க்கவில்லை.

தாளில் பார்க்க வேண்டியவை இவை. ஓரத்தில் ஆணித்துளை, அதாவது தாள் நகராமல் ஆணியில் மாட்டும் துளை, இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் நடுவில் வட்டமும் இரண்டு பக்கமும் நீளத் துளையும் இருக்கும், சட்டத்துக்காக வெட்டியிருந்தால் இருக்காது. மூலையில் கையால் எழுதிய எண் இருக்க வேண்டும், ஜப்பான் செல்லில் ஏ 12, பி 3 என்பதுபோல அடுக்கின் எழுத்தோடு வரும். பின்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் வண்ணம் மேடு பள்ளமாக, நிறத்துக்கு நிறம் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தெரியும், செரிசெல்லில் தட்டையாகச் சீராக இருக்கும். கோட்டைப் பாருங்கள். 1961-இல் வந்த 101 டால்மேஷியன்ஸ் தொடங்கி டிஸ்னி தன் முழுநீளப் படங்களில் கோட்டை ஜெராக்ஸ் முறையில் தாளுக்கு மாற்றியது, அதற்கு முந்தியவை பெரும்பாலும் கையால் இழுத்த மைக்கோடு, மெலிந்து தடித்து, சில இடங்களில் வண்ணக் கோடாகவே இருக்கும். ஸ்னோ ஒயிட் என்று சொல்லி ஜெராக்ஸ் கோட்டைக் காட்டினால் அங்கேயே விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை, படத்தைப் போட்டு அந்தப் பிரேமைக் கண்டுபிடிப்பது. நான் இதைப் பல இரவுகள் செய்திருக்கிறேன், சலிப்பே வந்ததில்லை. கை இருக்கும் கோணம், தலைமுடி, துணி மடிப்பு எல்லாம் பொருந்த வேண்டும். பழகுவதற்கு 1992-இல் ஜப்பானும் இந்தியாவும் சேர்ந்து எடுத்த ராமாயண அனிமேஷன் படத்தைப் பாருங்கள், 2025 ஜனவரியில் தமிழிலும் திரையரங்குக்கு வந்தது, முழுக்கக் கையால் வரைந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எது செல், எது பின்னணி, ஒரு ஆளை எத்தனை அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள் என்று கண் தானே பிரிக்கத் தொடங்கும்.

அடுக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜப்பான் தொடர்களில் முகம் ஓர் அடுக்கு, பேசும் வாய் இன்னோர் அடுக்கு என்று பிரித்திருப்பார்கள். என் இரண்டாவது செல்லை உறையிலிருந்து எடுத்தபோது அந்தப் பெண்ணுக்கு வாய் இல்லை. விற்பனையாளர் போட்டிருந்த படத்தில் அழகாக இருந்தது, ஏனென்றால் வாய் அடுக்கை வைத்துப் படம் எடுத்துவிட்டு, அனுப்பும்போது அது வரவில்லை. அதனால் எத்தனை அடுக்கு, எல்லாம் சேர்ந்து வருகிறதா என்று எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

எதை வாங்குவது

விலையைக் கூட்டுவது முகம் பெரிதாக இருப்பது, கண் திறந்திருப்பது, பேர் பெற்ற பாத்திரம், பேர் பெற்ற காட்சி, அப்புறம் அந்தக் காட்சிக்கே வரைந்த அசல் பின்னணி கூட இருப்பது. அசல் பின்னணியோடு வந்தால் விலை பல மடங்கு. வண்ண ஜெராக்ஸ் பின்னணிக்குக் காசு கொடுக்காதீர்கள், அது வெறும் காகிதம். என் கருத்து, புதிதாக வருகிறவர் முதுகு காட்டி நிற்கும் ஆள், வெறும் கை, கண் மூடிய முகம் இவற்றைத் தேடலாம். சில ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கும், வேலைப்பாடு ஒன்றுதான். நான் அதிகம் பார்ப்பது ஒரு டம்ளரைப் பிடித்திருக்கும் கை மட்டும் உள்ள செல். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை ஜங்கிள் புக் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த 1989 ஜப்பான் தொடரின் செல்கள் நல்ல தொடக்கம். உங்களுக்கு மனப்பாடமான படத்தில் வாங்குங்கள், ஏமாற்று உடனே தெரியும். 2000-க்குப் பிறகு வந்த தொடர்களில் பெரும்பாலானவை கணினி வண்ணம், அவற்றின் பேரில் "செல்" என்று வந்தால் ரசிகர் யாரோ வரைந்ததாகத்தான் இருக்கும்.

1940-களுக்கு முந்தியவற்றில் பல செல்லுலோஸ் நைட்ரேட், மளமளவென்று தீப்பிடிக்கும் பொருள். நம் வெயிலில், வீட்டுக்குள், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டாம். எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

வாங்கும்போது

ஜப்பானில் மண்டராகே கடையும் யாஹூ ஜப்பான் ஏலமும், அமெரிக்காவில் ஹெரிடேஜ் ஏலமும் ஈபேயும்தான் பெரும்பாலானவர்கள் போகிற இடம். ஜப்பான் ஏலத்துக்கு நமக்காக வாங்கி அனுப்பும் இடைத்தரகு நிறுவனம் வேண்டும், அவர்களுக்கு ஒரு கட்டணம். ஏல நிறுவனங்கள் நீங்கள் கேட்ட தொகைக்கு மேல் கமிஷன் சேர்ப்பார்கள், அதை முதலிலேயே படித்துவிடுங்கள். அதோடு தபால் செலவு, கார்டு நிறுவனம் அந்நியச் செலாவணிக்குப் பிடிப்பது, இங்கே வந்ததும் சுங்க வரி, ஜிஎஸ்டி. நான் பொருளின் விலையை ஒன்றரையால் பெருக்கி அந்தத் தொகை கையில் இருந்தால் மட்டும் ஏலத்தில் இறங்குவேன். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்து வையுங்கள், கூரியர் கேட்கும் கேஒய்சிக்கு ஆதார் அல்லது பான் தயாராக இருக்கட்டும். ரசீதில் உண்மையான விலையைத்தான் போடச் சொல்ல வேண்டும், குறைத்துப் போட்டு வழியில் தொலைந்தால் காப்பீடும் அவ்வளவுக்குத்தான்.

பணம் கட்டும் முன் நாலு படம் கேளுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஒன்று, மூலை எண் ஒன்று. பின்பக்கத்தில் பென்சில் ஓவியக் காகிதம் ஒட்டியிருந்தால் அதைப் பிரிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், காகிதத்தோடு வண்ணமும் வந்துவிடும். வாடை வருகிறதா என்று கேளுங்கள். கோடு மங்கியிருக்கிறதா பாருங்கள், ஜெராக்ஸ் கோடு வெளிச்சத்தில் பழுப்பாகி மறையும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

எப்போது வரவழைப்பது என்பதும் முக்கியம். பங்குனியிலிருந்து ஆனி வரை எதையும் அனுப்பச் சொல்லாதீர்கள், பார்சல் கிடங்கிலும் வண்டியிலும் கிடக்கும் சூடு நம் கணக்கில் இல்லாதது. அடைமழையிலும் வேண்டாம். தையும் மாசியும்தான் நல்ல மாதம். ஏலத்தில் எடுத்ததைக் கொஞ்ச நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்ப முடியுமா என்று கேட்டால் பலரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் போடுவது

மூன்றாவது செல்லை டவுனில் ஒரு பிரேம் கடையில் கொடுத்தேன். சாமி படத்துக்குச் செய்வது போலவே கண்ணாடியை மேலேயே வைத்து, பின்னால் பிளைவுட் வைத்து ஆணி அடித்துக் கொடுத்தார். அந்த ஐப்பசியில் செல் கண்ணாடியோடு ஈரம் கோத்துத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது, பின்னால் வண்ணம் பிளைவுட்டில் பாதி போனது. இப்போது வேறொரு கடைக்காரரிடம் பக்கத்தில் நின்று செய்து வாங்குகிறேன். "அண்ணாச்சி, கண்ணாடி இதைத் தொடவே கூடாது, பின்னாலயும் எதுவும் அமுக்கக் கூடாது" என்று சொன்னால் புரிந்துகொள்கிறார். சுற்றிலும் தடித்த மவுண்ட் போர்டு இரண்டு அடுக்கு வைத்து இடைவெளி, செல்லின் நாலு மூலையையும் பாலியெஸ்டர் முக்கோண உறையில் செருகுவது, பசையோ டேப்போ கிடையாது, பிளைவுட்டுக்குப் பதில் அமிலமில்லாத அட்டை, கண்ணாடிக்குப் பதில் புற ஊதா தடுக்கும் அக்ரிலிக். அதையும் வருஷத்தில் 3 மாதம்தான் மாட்டுகிறேன், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இல்லை. மற்ற நாளில் நல்ல கேமராவில் எடுத்த பிரிண்ட் தொங்குகிறது. ஸ்கேனரில் போட்டு மூடியை அழுத்துவதைவிடக் கேமராவே பாதுகாப்பு.

பார்சல் வந்த அன்று

உடனே பிரிக்காதீர்கள். உள்ளறையில் ஒரு நாள் மூடியபடியே கிடக்கட்டும், வெளிச் சூடும் வீட்டுச் சூடும் சமமாகட்டும். மறுநாள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பருத்திக் கையுறையைவிட நைட்ரைல் கையுறை போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பிரியுங்கள். பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், ஏதாவது கோளாறு என்றால் அதுதான் ஆதாரம். ஓரத்தை மட்டும் பிடித்து மூக்குப் பக்கம் கொண்டுபோய் மோந்து பாருங்கள். புளிப்பு இருந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல் வேறு அறையில் வையுங்கள். அமிலத்தைக் காட்டும் ஏ-டி பட்டை என்று ஒன்று வாங்கலாம், நீலம் பச்சையாகி மஞ்சளானால் அமிலம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நோட்டில் வாங்கிய தேதி, விலை, எண், எந்தப் படத்தில் எத்தனையாவது நிமிடம், எந்த இடத்தில் கீறல் என்று எழுதி, இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் வருஷத்துக்கு இரண்டு தடவை, பங்குனிக் கடைசியில் ஒன்று, புரட்டாசிக் கடைசியில் ஒன்று, எல்லாவற்றையும் வெளியே எடுத்து அந்தப் படத்தோடு ஒப்பிட்டு, உறையை மாற்றி, மோந்து பார்த்துத் திரும்ப வைக்க வேண்டும். 14 செல்லுக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் போகிறது, பாதி நேரம் அந்தக் கையையும் டம்ளரையும் பார்ப்பதிலேயே.